தண்ணீர் இல்லாத ஊரில் நீந்திய சுண்டெலிகள்

சென்னையில் குடிக்கவே தண்ணீர் தட்டுப்பாடாக இருந்த ஒரு மே மாதத்தில், தொட்டி நிறையத் தண்ணீர் கேட்டு நான் பினாங்கிலிருந்து வந்து இறங்கினேன். வருடம் 1997. தண்ணீர் எனக்கல்ல, சுண்டெலிகளுக்கு.

அடையாறில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நளினி என்று என் வயதுக்காரி ஒருத்தி வல்லாரைச் சாற்றை வைத்து வேலை செய்துகொண்டிருந்தாள். அல்ஜைமர் நோயில் மனித மூளையில் படிகிற புரதத்தின் துணுக்கைச் சுண்டெலியின் மூளைக்குள் ஊசியால் செலுத்தினால், சில நாளில் அதற்கும் மறதி வரும். அப்படி மறதி வந்த எலிக்கு வல்லாரை ஏதாவது உதவுமா என்பது அவளுடைய கேள்வி. மறதியை அளக்க ஒரு வட்டத் தொட்டி வேண்டும். பினாங்கில் நான் வேலை பார்க்கும் இடத்தில் அப்படி ஒன்று இருந்தது. அதை நடத்தத் தெரிந்தவள் என்று மூன்று வாரத்துக்கு என்னை அனுப்பினார்கள்.

அனுப்பினார்கள் என்பது பாதிதான் உண்மை. சென்னை என்ற பேச்சு வந்ததும் நான்தான் முதலில் கையைத் தூக்கினேன். இருபத்தைந்து வருடத்துக்கு முன் அங்கே ஹாஸ்டலில் தங்கி மூன்று வருடம் பி.எஸ்ஸி. படித்தவள் நான்.

விமான நிலையத்தில் ஏறிய ஆட்டோக்காரர் நான் பேசுவதைக் கேட்டுவிட்டு, "சிலோனாம்மா?" என்றார். பினாங்கு என்றேன். "அது எங்க கீது?" என்றார். மலேசியா என்றதும் மரியாதை கூடியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சிக்னலிலும் வண்டியை அணைத்துவிட்டு எனக்கு ஊரைக் காட்டினார். கைகாட்டிய இடத்தில் எல்லாம் மேம்பாலத்துக்குப் பள்ளம் தோண்டி வைத்திருந்தார்கள். வழி நெடுக வீட்டு வாசல்களில் நீலமும் பச்சையுமாகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. ஆட்கள் இல்லை, குடங்கள் மட்டும் இடம் பிடித்து வைத்திருந்தன. பினாங்கில் வெறுமனே குழாயைத் திறந்து விட்டுப் பல் தேய்ப்பவள் நான். முகம் சுருங்கிப் போனது.

தங்கியது மயிலாப்பூரில், குளத்துக்கு வடக்கே இரண்டு தெரு தள்ளி, ஜெயந்தியின் வீட்டில். ஜெயந்தி என் ஹாஸ்டல் அறைத்தோழி. ஹோட்டலில் அறை போட்டிருக்கிறார்கள் என்று எழுதியதற்கு, "எங்காத்துல எடம் இருக்கறச்சே நீ ஹோட்டல்ல தங்கினா, அப்புறம் எனக்குக் கடுதாசியே போடாதே" என்று பதில் வந்திருந்தது.

கதவைத் திறந்தவள் நரைத்திருந்தாள், கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். சிரிப்பு மட்டும் மாறவே இல்லை. "ஏண்டி, நீ இன்னும் சிவப்புப் பொட்டுதான் வெச்சுண்டிருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே கட்டிக்கொண்டாள்.

அவள் கணவர் ராமநாதன் சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நாங்கள் மூன்றாம் வருடம் படிக்கும்போது இவர்கள் கல்யாணம் நிச்சயமானது. அப்போது ஞாயிறு மாலை வந்து எங்கள் இருவரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போவார். வார்டன் அவரோடு ஜெயந்தியைத் தனியாக அனுப்ப மாட்டார் என்பதால் நானும் போவேன். இருவரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அவர் வாங்கிக் கொடுத்த சுண்டலை எல்லாம் நான்தான் தின்றேன்.

"வாங்கோ மீனா, வாங்கோ. பினாங்குல மழை உண்டா?" என்றார். உண்டு சார், தினம் உண்டு என்றேன். சாப்பிடும்போது, "பினாங்குல மழை உண்டா?" என்றார். சொன்னேன். தண்ணீருக்காக ஏங்கும் ஊரில் எல்லோருக்கும் மழைப் பேச்சுதான் என்று நினைத்துக்கொண்டேன். படுக்கப் போகும் முன்பு மூன்றாம் முறை கேட்டார். ஜெயந்தி அவசரமாக உள்ளிருந்து, "ஏன்னா, பால் பொங்கறது பாருங்கோ" என்றாள். அடுப்பில் பால் இல்லை.

இலையில் வல்லாரைத் துவையல் இருந்தது. அடுத்த நாளும் இருந்தது. அதற்கடுத்த நாளும். நான் வல்லாரை ஆராய்ச்சிக்கு வந்தவள் என்பதால் கிண்டல் செய்கிறாள் என்று எண்ணிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

ஆராய்ச்சிக்கூடம் ஆலமர நிழலில் இருந்தது. ஓர் ஆள் படுத்தால் கால் நீட்டும் அளவுக்கு வட்டமான ஃபைபர் தொட்டியை நளினி தயாராக வைத்திருந்தாள். முறை எளிது. தொட்டியில் தண்ணீர் நிரப்பி, உள்ளே இருப்பது தெரியாதபடி பால் பவுடர் கலக்கி வெளுப்பாக்க வேண்டும். ஓரிடத்தில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன மேடை. எலியை விட்டால் அது நீந்தி அலைந்து கடைசியில் மேடையைக் கண்டுபிடித்து ஏறி நிற்கும். சுவரில் மாட்டியிருக்கும் படங்களை வைத்து இடத்தை நினைவில் கொள்ளும். நல்ல எலி நாலைந்து நாளில் நேராக மேடைக்குப் போய்விடும். மறதி எலி போகாது.

லாரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. அந்தக் கட்டடத்தில் கூட்டிப் பெருக்கி, எலிக் கூண்டுகளைக் கழுவும் அஞ்சலை சாந்தோம் கடற்கரைக் குப்பத்துக்காரி, ஐம்பது வயதிருக்கும். நான் பால் பவுடர் டப்பாவைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுவதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இன்னாம்மா இது? எங்க தெருவுல நாலு கொடம் தண்ணிக்கு அடிச்சிக்கினு சாவுறாங்க. நீ பாலைக் கலக்கி எலியைக் குளிப்பாட்டறே?"

நளினி மறதி நோய், மருந்து என்று விளக்கினாள். அஞ்சலை பொறுமையாகக் கேட்டாள். "கண்டுபுடிச்சா சரி" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை அறைக் கதவைத் திறந்ததும் நளினி மூக்கைப் பொத்தினாள். சென்னை வெயிலுக்குத் தொட்டிப் பால் முழுக்கப் புளித்திருந்தது. அதைக் கொட்டிவிட்டு அடுத்த லாரிக்குக் காத்திருந்தோம். வந்த தண்ணீர் வெந்நீராக இருந்தது. வெந்நீரில் எலி தேடாது, சுகமாக மிதக்கும். அஞ்சலைதான் போய் மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் கட்டி வாங்கி வந்தாள். நாள் முழுவதும் அறையில் வஞ்சிர மீன் வாசனை. "இப்ப எலி மீனாயிடிச்சு" என்று அவள் சிரித்தாள். பால் பவுடருக்குப் பதில் விஷமில்லாத வெள்ளை போஸ்டர் கலர் போதும் என்று முடிவு செய்தோம்.

அதை வாங்கத்தான் சனிக்கிழமை தி.நகர் போனேன். கோடை விடுமுறையாதலால் ராமநாதன் சார் துணைக்கு வந்தார். "பாண்டி பஜார்ல எந்தக் கடையில எது கெடைக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார். உண்மைதான். மூன்றாவது கடையிலேயே ஒரு டஜன் பாட்டில் கிடைத்தது. சுவரில் மாட்ட நட்சத்திரமும் முக்கோணமுமாக வெட்டிக்கொள்ள வண்ண அட்டைகளும் வாங்கினோம். ரோஸ் மில்க் குடித்தோம். நான் படித்த காலத்தில் அந்தச் சாலையில் மரங்களுக்கு நடுவே ஒன்றிரண்டு கார் போகும். இப்போது நடைபாதை முழுக்கக் கடைகள். "தோடு பாரும்மா, தோடு பாரு" என்று ஒரு குரல், "ஓரமா போ நைனா" என்று இன்னொரு குரல். இரண்டுக்கும் நடுவில் நான் இருபது வயதுக்காரிபோல் குதித்துக் குதித்து நடந்தேன்.

திரும்பும்போது பனகல் பார்க் பக்கம் வந்தோம். மயிலாப்பூர் பஸ் நிற்கும் இடம் இதோ என்று அவர் முன்னால் நடந்தார். பார்க்கை ஒரு சுற்றுச் சுற்றினோம். "இந்தப் பக்கம்தான்" என்றார். இரண்டாம் சுற்று. பகல் பன்னிரண்டு மணி வெயில், கையில் ஒரு டஜன் பாட்டில். ஊருக்குப் புதியவள் நான்தானே, அவருக்குத் தெரியும் என்று பின்னாலேயே போனேன். மூன்றாம் சுற்றில் ஒரு நகைக்கடை வாசலில் நின்று பலகையைப் படித்தார். அதை முன்பும் இரண்டு முறை நின்று படித்திருந்தார். திரும்பிய முகத்தைப் பார்த்தேன். கடற்கரையில் அம்மாவைத் தொலைத்த குழந்தையின் முகம்.

பார்க் ஓரம் ஆட்டோவில் சாய்ந்திருந்த ஓட்டுநர் எழுந்து வந்தார். "இன்னா சார், பார்க்கையே சுத்திக்கினு கீறீங்க? மூணு வாட்டி பாத்துட்டேன். எங்க போணும்?"

ராமநாதன் சார் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. முப்பது வருடம் குடியிருக்கும் ஊர். நான் சொன்னேன், மயிலாப்பூர் என்று.

ஆட்டோவில் பாதி தூரம் போனதும், "எல்லாத்தையும் மாத்திட்டான் மீனா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வெயில். ஜெயந்திகிட்ட சொல்லிடாதீங்கோ, பயந்துடுவா" என்றார். சரி சார் என்றேன். பத்து வருடமாக நான் செய்வது இதுதான்: தொட்டியைச் சுற்றிச் சுற்றி வரும் ஒன்றை, கையில் ஸ்டாப் வாட்சோடு பார்த்துக்கொண்டிருப்பது. மூன்று சுற்று வரை எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை அவரே கேட்டார், உங்க ஆராய்ச்சியைப் பார்க்கலாமா என்று. கூட்டிப்போனேன். அஞ்சலை அவரைப் பார்த்ததும், "எம் புள்ளைக்குக் கணக்கு சொல்லிக் குடுத்த சாரு" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. ஸ்டாப் வாட்சை நான் பிடிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டார். நோட்டில் கோடு போட்டு அழகாகக் கட்டம் பிரித்தார். ஊசி போடாத எலிகள் மூன்று ஒன்றன்பின் ஒன்றாக நேரே மேடைக்குப் போயின. ஒவ்வொன்றுக்கும், "சபாஷ்" என்றார்.

நாலாவது, ஊசி போட்டது. தொட்டிச் சுவரை ஒட்டியே நீந்தியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. நடுவில் இருக்கும் மேடைப் பக்கம் திரும்பவே இல்லை. அறுபது செகண்ட் வரை விட்டுப் பார்ப்பது முறை. அதற்குள் கண்டுபிடிக்காவிட்டால் கையால் எடுத்து மேடையில் விடுவோம்.

"எடுத்துடுங்கோ" என்றார்.

"இன்னும் இருபது செகண்ட் இருக்கு, சார்."

"அதுக்குத் தெரியலைன்னுதான் உங்களுக்குத் தெரிஞ்சு போச்சே. அப்புறம் எதுக்கு அதைச் சுத்த விடறேள்?"

கையை விட்டு எடுத்துவிட்டேன். அந்த எலியின் அன்றைய கணக்கு வீண். நோட்டில் அந்தக் கட்டத்தை அடித்தேன். நளினி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ராமநாதன் சார் ஈரமான எலியைத் துண்டில் வாங்கி, அது நடுங்குவது நிற்கும் வரை வைத்திருந்தார்.

வெளியே ஆலமரத்தடியில் டீ குடித்தோம். "எனக்கும் இதுதானா?" என்று கேட்டார். போன மார்ச்சில் பத்தாம் வகுப்பில் பாதிக் கணக்கில் கரும்பலகை முன்னால் நின்றுவிட்டாராம். அடுத்த வரி என்ன என்று தெரியவில்லை. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிக்கவில்லை. "அவா சிரிக்கறதை நிறுத்தினதுதான் தாங்கலை. ஜூன்ல பள்ளிக்கூடம் தெறக்கறது, மீனா."

நான் எலிகளைப் பார்ப்பவள், மனிதர்களைப் பார்த்துச் சொல்ல வேறு டாக்டர்கள் இருக்கிறார்கள் என்றேன். மருந்து உண்டா என்றார். கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க வெளிநாட்டில் மாத்திரை வந்திருக்கிறது, குணமாக்க எதுவும் இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். டாக்டரிடம் வருவதாக ஒப்புக்கொண்டார், ஒரே நிபந்தனை. ஜெயந்திக்குத் தெரியக் கூடாது.

அன்று சாயங்காலம் ஜெயந்தி என்னைக் குளத்தைச் சுற்றி நடக்கக் கூப்பிட்டாள். மாட வீதியில் பூக்காரிகள் கூடையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள், அளந்து அளந்து. ஹாஸ்டல் கதை பேசினோம். வார்டனுக்குத் தெரியாமல் சுவரேறிக் குதித்து நான் காலைச் சுளுக்கிக்கொண்ட கதை. சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"மீனா, நீ எலிக்குக் குடுக்கற சாறு, அதுல ஒரு பாட்டில் எனக்குத் தாடி."

நின்றுவிட்டேன்.

"துவையலா அரைச்சுப் போட்டுப் பாத்தாச்சு, ஒரு வருஷமா. ஒண்ணும் கேக்கலை. போன தீபாவளிக்கு என்னை அக்கா பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவருக்கு ஒண்ணும் தெரியாதுடி. நான்தான் பாலு பொங்கறது, போன் அடிக்கறதுன்னு எதையாவது சொல்லி மூடிண்டே இருக்கேன். நீ வரேன்னு எழுதினியே, அன்னிக்குதான் நான் நன்னாத் தூங்கினேன்."

அவள் என்னை வீட்டில் தங்கச் சொன்னதற்குப் பாசம் மட்டும் காரணமில்லை. அதனால் பாசம் குறைந்துவிடவும் இல்லை.

கொடுக்க முடியாது என்றேன். எலிக்கே சரியான அளவு இன்னும் தெரியாது, மனிதருக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தொகுதியில் சாறு குடித்த எலிகளும் குடிக்காத எலிகளும் ஒரேபோல் சுவரைத்தான் சுற்றின. அதையும் சொன்னேன். சொல்லாவிட்டால் நான் திரும்பிப் போன பிறகு அவள் சாறு கேட்டு அஞ்சலையிடம் போய் நிற்பாள்.

கையை விடுவித்துக்கொண்டாள். "அப்போ எதுக்குடி இத்தனை தண்ணி?" என்றாள். கோபமாக இல்லை. வீட்டு வாசலில், "அவர்கிட்ட மூச்சு விடாதே" என்றாள்.

இரண்டு நாள் அந்த வீட்டில் நான் இருந்த இருப்பு பெரும் தொல்லை. அவர் என்னைப் பார்த்துக் கண்ணால் ஏதோ கேட்பார். அவள் பார்ப்பாள். நான் இட்லியைப் பார்ப்பேன். ஆட்டோவில் போகும்போதும் தொட்டியருகில் நிற்கும்போதும், முதலில் யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். புதன்கிழமை காலை அவர், "மீனா, பினாங்குல மழை" என்று ஆரம்பித்தார். ஜெயந்தி கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, "போன் அடிக்கறது பாருங்கோ" என்றாள். போன் அடிக்கவில்லை. அவர் எழுந்து போய் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். அடிக்காத போன் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. அவளுக்காக எடுத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு பேரும் என்கிட்ட ஒரே விஷயத்தைச் சொல்றீங்க. சொல்லிட்டு, அவங்ககிட்ட சொல்லாதேன்னு ரெண்டு பேருமே சொல்றீங்க. என்னால முடியலை" என்றேன்.

ராமநாதன் சார் ரிசீவரை வைத்தார். ஜெயந்தி அடுப்பை அணைத்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்று அவர் கேட்டார்.

"உங்களுக்கு எப்பலேர்ந்து?"

"நான் முதல்ல கேட்டேன்."

"போன தீபாவளிக்கு முன்னாலேர்ந்து."

"எனக்கு அதுக்கும் முன்னால" என்றார் அவர், ஏதோ போட்டியில் ஜெயித்ததுபோல. அவள் அழுதாள். பிறகு இருவரும் சண்டை போட்டார்கள். யார் யாரிடம் மறைத்தது, எத்தனை நாள், ஏன் என்று. கல்யாணத்துக்கு முன் கடற்கரையில் ஒரு வார்த்தை பேசாத இருவர், என் முன்னால் சத்தம் போட்டுச் சண்டை போடுவதை அன்றுதான் பார்த்தேன். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு எலிகளிடம் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை மூவருமாக நரம்பு டாக்டரிடம் போனோம். டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார். சார் கையாலேயே சுழித்து அச்சாக ஒரு வட்டம் போட்டார். முப்பது வருடம் கரும்பலகையில் போட்ட வட்டம். பிறகு பன்னிரண்டு எண்களையும் வலது பாதிக்குள்ளேயே நெருக்கி எழுதினார். எழுதி முடித்துவிட்டுத் தாளைப் பார்த்தார். தப்பு என்று தெரிந்தது, எங்கே தப்பு என்று தெரியவில்லை. ஜெயந்தி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் அவசரப்படாமல் பேசினார். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, இன்னும் சில பார்க்க வேண்டும், ஆனால் அந்த நோய்தான் என்று தோன்றுகிறது என்றார். நோயின் பெயரை அவர் சொன்னபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் ராமநாதன் சார் பசிக்கிறது என்றார். லஸ் முனைக்கு நடந்து போய் மூவரும் ரவா தோசை சாப்பிட்டோம். ஜூனில் வகுப்புக்குப் போகப் போவதில்லை, தலைமையாசிரியரிடம் தானே நேரில் சொல்லிவிடுவேன் என்றார். இன்னும் நாலு வருஷ சர்வீஸ் இருக்கே என்று ஜெயந்தி இழுத்தாள். "தப்பாச் சொல்லிக் குடுத்துட்டா அந்தப் பசங்க எங்க போவா?" என்றார். அவள் தன் தோசையில் பாதியை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

கடைசி வாரம் வேலை ஓடியது. போஸ்டர் கலர் நன்றாக உழைத்தது. நளினி இரண்டாம் தொகுதிக்குச் சாற்றின் அளவை மாற்றினாள். அதன் முடிவு தெரிய இன்னும் பல மாதம் ஆகும். அஞ்சலை ஐஸ் உடைக்கிற நேரமெல்லாம் சாரைப் பற்றி விசாரித்தாள். உடம்பு சரியில்லை என்றேன். "எலிக்கு வந்ததா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்று தொட்டிக்குத் தண்ணீரை அவளே மொண்டு ஊற்றினாள்.

நான் கிளம்ப வேண்டிய சனிக்கிழமை பிற்பகல், அவர்கள் மகள் உமா பெங்களூரிலிருந்து வந்தாள். அங்கே அவளுக்கு வேலை கிடைத்து எட்டு மாதம். ரயிலிலிருந்து நேரே வந்து, "மீனா ஆன்ட்டி, நீங்க போறதுக்குள்ள பாத்துடணும்னுதான் ஓடி வந்தேன்" என்று பையைக் கூடக் கீழே வைக்காமல் பேசினாள். அப்பா அவள் தோளிலிருந்து பையை வாங்கி வைத்தார்.

"உக்காரும்மா. அப்பா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

ஜெயந்தி அடுக்களையிலிருந்து வந்து கதவருகே நின்றாள். வாசலில் டாக்ஸி வந்துவிட்டது. குடும்ப விஷயம் என்று நான் எழுந்தேன். ராமநாதன் சார் என்னைப் பார்த்தார்.

"நீங்களும் இருங்கோ, மீனா. நான் ஏதாவது விட்டுட்டா நீங்க சொல்லணும்."

உட்கார்ந்தேன். அவர் மகளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வகுப்பில் புதுப் பாடம் தொடங்குகிறவர்போல் ஒருமுறை தொண்டையைச் சரிசெய்துகொண்டார். போன தீபாவளிக்கு முன்னாலிருந்தே ஆரம்பித்தார். கரும்பலகை, பார்க், டாக்டர் போடச் சொன்ன கடிகாரம், இனி என்னென்ன நடக்கும், அம்மாவுக்கு அவள் என்ன உதவி செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். டாக்ஸிக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

அவர் எதையும் விடவில்லை.